அடுத்த ஊட்டுல பாரு

சேலத்தில் ஓர் அச்சகத்தின் மாடியில் உட்கார்ந்திருந்த பத்திரிகை ஆசிரியர், என் கதையைப் படித்து முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். யாராவது இப்படி இழுத்தால் பின்னாலேயே கத்தரிக்கோல் வருகிறது என்று அர்த்தம். வந்தது சிவப்புப் பென்சில்.

"ஒரு சின்னப் பொண்ணு நெருப்புக் கேட்டு வீடு வீடாப் போறா. எல்லா வீட்லயும் ஒரே பதில். இதை ஒரு வீட்ல காட்டினாப் போதாதாம்மா? மத்ததை வாசகர்களே ஊகிச்சுக்குவாங்க. சொன்னதையே சொல்லிட்டிருந்தா அலுப்புத் தட்டிடும்."

அவர் மேஜைமேல் சிகரெட் பெட்டியும் தீப்பெட்டியும் கிடந்தன. பேசிக்கொண்டே ஒரு குச்சியைக் கிழித்தார், காற்றில் அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தார், அதுவும் அணைந்தது. மூன்றாவதும் கிழித்தார். குச்சியை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கிழிக்கலாம் போலிருக்கிறது என்று எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"நெருப்புங்கறது அருமையான படிமம்" என்றார் புகையை விட்டபடி. "சமூகம் உடைஞ்சு போறதை அதுலயே காட்டிடலாம். ஒரே இடத்துல அழுத்தமா வைங்க, நிக்கும்."

"படிமம் இல்லீங்க. எங்க ஊட்டு அடுப்பு அணைஞ்சு போச்சுங்க" என்றேன். சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். ஒரு வீட்டைக்கூடக் குறைக்க முடியாது, வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்று கதையை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். இங்கே பென்சில் என் கையில் இருக்கிறது.

நான் பிறந்தது சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டு என்ற ஊருக்குக் கீழே இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டின் லைனில். லைன் என்றால் ஒரே கூரைக்கு அடியில் வரிசையாகத் தடுத்த அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். பக்கத்து வீட்டில் இருமினால் நம் வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். அங்கிருந்த எல்லோருடைய முன்னோர்களையும் மேஸ்திரிகள்தான் கீழ்நாட்டிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். மேட்டில் பங்களா, அதில் வெள்ளைக்காரத் துரை. துரைக்குக் கீழே ரைட்டர், ரைட்டருக்குக் கீழே மேஸ்திரி, மேஸ்திரிக்குக் கீழே நாங்கள். எங்களுக்குக் கீழே காப்பிச் செடியின் வேர் இருந்தது.

யுத்தக் காலம் அது. தீப்பெட்டி குதிரைக்கொம்பு. மலைமேல் ஒண்டிக்கடை பஜாருக்குப் போய்க் காத்துக் கிடந்தாலும் சில நாள் கிடைக்காது. கிடைத்தாலும் அந்த ஈரத்தில் குச்சியின் மருந்து உதிர்ந்து போகும். அதனால் லைனில் யாரும் புதிதாக நெருப்பு உண்டாக்குவதில்லை. இரவு சாம்பலில் கங்கைப் புதைத்து வைப்பார்கள். விடிகிற நேரத்தில் யார் அடுப்பில் கங்கு உயிரோடிருக்கிறதோ அவர்கள் ஊதி எழுப்புவார்கள். மற்றவர்கள் உடைந்த பானையின் ஓட்டாஞ்சில்லை ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள்.

"ஏனுங்க, நெருப்பு இருக்குதுங்களா?"

"எடுத்துக்க கண்ணு."

சில நாள் அவர்கள் அடுப்பும் அணைந்திருக்கும். அப்போதும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். அடுப்பு நெருப்பை இல்லை என்று வாயால் சொன்னால் அந்த வீட்டில் விளக்கேற்ற ஆளிருக்காது என்று ஒரு பயம். "அடுத்த ஊட்டுல பாரு சாமி" என்பார்கள். அடுத்த வீட்டில் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் அதற்கடுத்த வீட்டில் இருக்கும். விடிந்து வேலைக்குச் சங்கு ஊதுவதற்குள் ஒரு வீட்டு நெருப்பு லைன் முழுக்கப் புகைந்துகொண்டிருக்கும். எனக்குத் தெரிந்து மொத்த லைனுக்கும் பொதுவாக இருந்த ஒரே சொத்து அதுதான். அந்த நாளில் "அடுத்த ஊட்டுல பாரு சாமி" என்பதைப்போல இதமான வார்த்தை எனக்கு வேறு இல்லை. அதைச் சொல்லும்போது கன்னத்தைத் தடவிவிட்டு அனுப்புவார்கள்.

இன்னொன்றும் பொதுவாக இருந்தது. அதை யாரும் பேசுவதில்லை. பழம் பறிக்கும் காலத்தில் பெண்கள் ஒரு கைப்பிடிக் காப்பிப் பழத்தை மடியில் ஒளித்துக்கொண்டு வருவார்கள். அடுப்புக்கு மேலே அட்டாலியில் போட்டுக் காயவைப்பார்கள். தோலைக் குத்திப் புடைத்து, ஓய்வுநாளில் வறுப்பார்கள். வருஷம் முழுக்க அந்தச் செடியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் குடித்தது கொத்தமல்லிக் காப்பி. ஒரு நாளாவது நல்ல காப்பி குடிக்கலாமே என்ற ஆசை. இதைத் திருட்டு என்று துரை சொன்னார். அவர் சொல்லலாம், மலையே அவருடையதாக இருந்தது.

அந்த வருஷம் கார்த்திகை மழையில் ஓர் ஓய்வுநாள், ரைட்டர் காவல்காரனோடு லைனுக்கு வந்தார். இங்கும் அங்கும் பார்க்காமல் நேராக ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் காவல்காரன் காப்பி வறுத்த சட்டியோடு வெளியே வந்தான். பொழுது சாய்வதற்குள் அந்தக் குடும்பம் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனது. அடுத்த ஓய்வுநாளில் இன்னொரு வீடு. அன்றும் நேராக வந்தார். அவர்களும் போனார்கள்.

சொல்லிக்கொடுக்காமல் இப்படி நேராக வர முடியுமா என்று லைன் கேட்டது. யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டது. பதில் ரொம்பப் பக்கத்திலேயே இருந்தது. என் அம்மா பங்களாவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

தம்பி வயிற்றில் இருக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். கைக்குழந்தையோடு மேட்டில் ஏறிப் பறிக்க முடியாது என்று பங்களா வேலைக்கு அம்மாவைச் சேர்த்துவிட்டதே மேஸ்திரிதான். இப்போது அவரே லைன் முற்றத்தில் நின்று சொன்னார், "அந்த ஊட்டோட நெருப்பும் தண்ணியும் பொழங்கக் கூடாது." கீழ்நாட்டு ஊர்க்கூட்டத்தில் சொல்லுகிற தீர்ப்பு அது. வரும்போது பானை சட்டியோடு அதையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதுவரை அவிழ்க்கத் தேவைப்படவில்லை.

அம்மா வாசலில் நின்று கத்திப் பார்த்தாள். "எம் புள்ள மேல ஆணையாச் சொல்றேன், நான் ஒண்ணும் சொல்லலீங்க." யாரும் திரும்பவில்லை. சந்தேகம் தீரட்டும் என்று மறுநாளிலிருந்து பங்களாவுக்குப் போவதை நிறுத்தினாள். குற்றமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்குது என்று அதையும் அவள் தலையிலேயே கட்டினார்கள். தண்ணீருக்கு ஓடை இருந்தது. நெருப்புக்கு எங்கள் அடுப்பை அணையவிடாமல் பார்த்துக்கொண்டோம். அம்மா தூங்கினாளா என்றுகூட எனக்குத் தெரியாது. எப்போது பார்த்தாலும் அடுப்பண்டையில் குந்தியிருப்பாள்.

தம்பிக்குச் சளி கட்டியது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு உள்ளே போய் வந்தது. அவனுக்குச் சூடு காட்ட வேண்டும், வெந்நீர் வேண்டும். அப்படி ஒரு நாள் காலையில்தான் கூரை ஓடு நகர்ந்து, மழைத் தண்ணீர் நேராக அடுப்பில் இறங்கியது. புதைத்து வைத்த கங்கெல்லாம் கருப்புச் சேறாகிவிட்டது. அம்மா ஓட்டாஞ்சில்லை என் கையில் கொடுத்தாள். "போய்க் கேளு கண்ணு. நான் போனாத்தான் குடுக்க மாட்டாங்க. நீ கொழந்த, குடுப்பாங்க" என்றாள்.

அவள் நம்பித்தான் அனுப்பினாள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் வீடு லைனின் ஒரு கோடி. முதல் கதவு பக்கத்து வீடு. அந்த அக்காளுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றியபோது அவள் குழந்தைக்கும் சேர்த்துப் பால் கொடுத்தவள் என் அம்மா. "ஏனுங்க அக்கா, நெருப்பு இருக்குதுங்களா?" அவள் தலை நிமிரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், "அடுத்த ஊட்டுல பாரு சாமி."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் அடுப்பும் அணைந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வீட்டில் மாமன் அடுப்பண்டை குளிர்காய்ந்துகொண்டிருந்தார். நான் கேட்டதும் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்தார். சில்லை நீட்டினேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கொள்ளியைத் திரும்ப அடுப்பில் சொருகினார். "அடுத்த ஊட்டுல பாரு சாமி."

அடுத்தது சாத்தின கதவு. ஓட்டிடுக்கில் புகை போய்க்கொண்டிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அடுத்த ஊட்டுல பாரு சாமி."

அடுத்த வீட்டில் என்னோடு கல்லாங்காய் ஆடுகிற பெண். அவள் அம்மா அவளை முன்னால் தள்ளி, காதில் சொல்லிக்கொடுத்தாள். பெரியவர்கள் பேச்சைத் தானும் பேசக் கிடைத்த பெருமையில் அவள் கழுத்தை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், "அடுத்த ஊட்டுல பாரு சாமி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான்கூடக் கொஞ்சம் சிரித்தேன்.

அடுத்தது மேஸ்திரி வீடு. அவர் எழுந்தே நின்றார். "அடுத்த ஊட்டுல பாருங்க சாமி" என்றார். என்னை வாங்க போங்க என்று பேசிய முதல் ஆள் அவர்தான்.

கடைசி வீட்டில் கண் சரியாகத் தெரியாத ஓர் அம்மாள். அவள் மடியில் உட்கார்ந்துதான் நான் பல் முளைத்த காலத்தில் களி தின்றேனாம். என் குரலைக் கேட்டதும் முகம் ஒரு மாதிரி கோணியது. அவளும் சொன்னாள், "அடுத்த ஊட்டுல பாரு சாமி." சொன்ன பிறகுதான் அதற்கு அடுத்து வீடு இல்லை என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நான் திரும்பிப் பார்த்தேன். லைன் முடிந்திருந்தது. அப்புறம் காப்பிச் செடி, அதற்குமேல் மேகம்.

ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. விரட்டவில்லை. முக்கியமாக, ஒருவர்கூட "இல்லை" என்று சொல்லவில்லை. நெருப்பை இல்லை என்று சொன்னால் அவர்கள் வீட்டுக்கு ஆகாதே. சாத்திரத்தை அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றினார்கள். சமூகம் உடைந்தது என்று எழுத வேண்டுமானால் வெட்டு, குத்து, கூரை எரிந்தது என்று எழுதுகிறார்கள். எங்கள் லைனில் கூரை எரியவில்லை, அடுப்பு எரியவில்லை, அவ்வளவுதான். அதே வாசல், அதே ஓட்டாஞ்சில்லு, அதே வார்த்தை. மேஸ்திரி சேர்த்த 'ங்க'வைத் தவிர ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதனால்தான் கதையில் அந்த வார்த்தையை ஒவ்வொரு கதவிலும் அப்படியே எழுதினேன். முதல் கதவில் கேட்கும்போது அது பழைய இதமான வார்த்தை. கடைசிக் கதவுக்கு வருவதற்குள் அது என்னவாகிவிட்டது என்று தெரிய வேண்டுமானால், என்னோடு எல்லா வாசலுக்கும் நடந்துதான் ஆக வேண்டும். நடுவில் குறுக்கு வழி கிடையாது. இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேனா?

வெறும் சில்லோடு திரும்பி வந்தேன். அம்மா சில்லைப் பார்த்தாள். தம்பியை என் மடியில் போட்டு, தன் பழம்புடவையால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்றிவிட்டு, சாக்கைக் கொங்காடையாகத் தலையில் மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள். சரிவுக்குக் கீழே, வாழவந்திப் பக்கம் போகிற தடத்தில் மலைக்காரர் வீடு ஒன்று இருந்தது. சாமை விதைத்துப் பிழைக்கிறவர்கள். லைன்காரர்களுக்கும் அவர்களுக்கும் போக்குவரத்துக் கிடையாது. அந்த வீட்டுப் பெண் பெயர் கேட்கவில்லை, காரணம் கேட்கவில்லை. சட்டி நிறையச் சாம்பல் போட்டு, நடுவில் கங்கை வைத்து மூடிக் கொடுத்தாளாம்.

அம்மா அதைக் கொங்காடைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நெருப்பு அணையாமல் வந்தது. அம்மாவின் வயிற்றில் சூட்டுக் கொப்புளம் எழும்பியிருந்தது. அடுப்பு பற்றிக்கொண்டது, வெந்நீர் கொதித்தது, துணியைச் சூடு பண்ணி நெஞ்சில் ஒத்தினாள். தம்பி அந்தத் துணிக்கு அடியிலேயே மூச்சை விட்டுவிட்டான். கொஞ்சம் முன்னால் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டாயிற்று.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பெரியக் கூடாது. அந்த வழக்கத்தையும் லைன் மறக்கவில்லை. தம்பியைக் குழியில் வைத்துவிட்டு வந்ததும், அம்மா தானே கொண்டுவந்த நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கஞ்சி வந்தது. ஆவி பறக்கும் கஞ்சி. காலையில் தரையைப் பார்த்த அக்காள் கொண்டுவந்தாள். பீடி பற்றவைத்த மாமனின் சம்சாரம் கொண்டுவந்தாள். மேஸ்திரி வீட்டிலிருந்து பெரிய குண்டாவில் வந்தது. துக்க வீட்டுக்குக் கஞ்சி ஊற்றாவிட்டால் பாவம் சேருமே, விட்டுவிடுவார்களா?

அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, சபிக்கவில்லை. ஒவ்வொருவர் வந்து குனியும்போதும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அடுத்த ஊட்டுல பாருங்க."

அடுத்து வந்தவளிடம், "அடுத்த ஊட்டுல பாருங்க." அதற்கடுத்தவளிடமும் அதேதான். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒவ்வொரு கஞ்சியும் வந்த வழியே லைன் நெடுகத் திரும்பிப் போனதை நான் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

எங்கள் வீட்டை ஒதுக்கி வைத்த பிறகும் சோதனை நிற்கவில்லை. ரைட்டர் மறுபடி வந்தார், மறுபடி நேராக ஒரு வீட்டுக்குள் போனார். சரி, அப்படியானால் சொன்னது இன்னொருத்தி என்று அவளுக்கும் நெருப்பை நிறுத்தினார்கள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கு. தை பிறப்பதற்குள் லைனில் யாரும் யார் வாசலிலும் நிற்பதில்லை. கடைசியில் மேஸ்திரியே பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார், உங்களுக்கு யாருங்க சொல்றாங்க என்று. ரைட்டர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"யாருய்யா சொல்லணும்? எனக்கு மூக்கு இல்லையா?"

அவர் வீடு லைனுக்குக் கீழே சரிவில் இருந்தது. மழை நாளில் மேகம் தரையோடு படுத்திருக்கும்போது வறுத்த காப்பியின் வாசனை மேலே போகாது. அப்படியே சரிவில் இறங்கி அவர் ஜன்னலுக்கு வந்துவிடும். அவர் வாசனையைப் பிடித்துக்கொண்டே மேலேறி வந்திருக்கிறார். ஆயுசெல்லாம் காப்பிக்கு நடுவில் இருந்தவர்களுக்கு வறுத்த காப்பி இவ்வளவு தூரம் மணக்கும் என்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர்கள் வறுத்ததே ஒளிந்து ஒளிந்துதான்.

அதைக் கேட்ட பிறகாவது யாராவது எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னார்களா? வரவில்லை. மேஸ்திரி எதிரில் பார்த்தால் பாதை மாறிப் போனார். அவ்வளவுதான் அவர் வெட்கம். அந்தக் கோடையில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு இறங்கிவிட்டாள். வீட்டு வேலை செய்து என்னைப் படிக்கவைத்தாள், நான் பள்ளிக்கூடத்து டீச்சரானேன். அந்த எஸ்டேட்டுக்குப் பிறகு நாங்கள் போகவில்லை.

கதை சில மாதம் கழித்து அச்சில் வந்தது. ஆசிரியர் என்னைக் கேட்கவில்லை. ஒரே ஒரு கதவு இருந்தது. "அவள் நெருப்புக் கேட்டுப் போனாள். அடுத்த வீட்டில் பார் என்றார்கள்" என்று ஊட்டை வீடாக்கி, சாமியையும் எடுத்துவிட்டு, முத்து முத்தாக இரண்டு வரி. அழகான படம்கூடப் போட்டிருந்தார்கள், கையில் அகல் விளக்கோடு ஒரு பெண். கச்சிதமான கதை என்று பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியைகள் பாராட்டினார்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்போது வயதாகி, ஞாபகமும் அங்கங்கே விட்டுப்போக ஆரம்பித்திருந்தது. ஆனால் அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்ற நம்பிக்கை மட்டும் விட்டுப்போகவில்லை. நம்ம கதை வந்திருக்குதாமே, படி கண்ணு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். படித்தேன். கதவு வந்தது, போனது. தம்பி போனான். கஞ்சி வந்தது. "அடுத்த ஊட்டுல பாருங்க" என்று அம்மா சொல்கிற இடம் வந்தது.

அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். முகத்தில் அப்படி ஒரு கலக்கத்தை நான் தம்பி செத்த அன்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏங்கண்ணு, ஒரு ஊட்டுலதானா குடுக்கல? அப்ப மத்தவங்கெல்லாம் குடுத்தாங்களா? நாந்தான் மறந்துட்டு, பாவம், அவங்க கஞ்சியவும் திருப்பி அனுப்பிச்சுட்டனா?"

பத்திரிகையை மூடினேன். முதல் கதவிலிருந்து ஆரம்பித்தேன். அக்காள், மாமன், சாத்தின கதவு, சின்னப் பெண், மேஸ்திரி, கண் தெரியாத அம்மாள். ஒவ்வொரு கதவிலும் அவர்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். முடிந்த பிறகும் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த லைனில் ஒருவரும் வாயால் சொல்லாததை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இல்லம்மா" என்றேன். "ஒருத்தரும் குடுக்கல."